மாரிக்கு முதல் சாடியை உள்ள எடுங்க

கல்லடிப் பக்கம் எக்கெவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் கலப்பினங்களில பலருக்கும் ஆசை. மெக்சிக்கோ மலைவழிச் செடி அது. இரவில குளிர் கேட்கும். எங்கட வாவிக்கரைப் புழுக்கத்தில நிறம் வெளிறி நெட்டையா வளரும்.

என்ர வாக்கு கலப்பின யூபோர்பியாவுக்குத்தான். மூதாதை மடகஸ்கார் முட்செடி, பூவைப் பெருசாக்கினது தாய்லாந்துக்காரர். வெயிலுக்கு அசையாது. வடியிற பால் மட்டும் கண்ணில படக்கூடாது.

சாடி மண்ணுக்கு ஆற்றுமணல் பாதி, சல்லியும் மக்கின எருவும் மிச்சம். கடல்மணல் வேண்டாம். ஒக்டோபர் மழை தொடங்கினா கூரைக்குக் கீழ வையுங்க. அழுகல் பெரும்பாலும் தண்டின் அடியிலதான் தொடங்கும்; அமுக்கினா பஞ்சுபோல உள்ள போகும். அப்பிடியெண்டா அழுகாத மேல்பகுதியை வெட்டி, வெட்டுவாய் காய விட்டு நடுங்க.