கடல் கொழித்த மணல்

கன்னியாகுமரிக்குப் போய்வந்தவர்கள் பாறைக்குப் படகேறியதைச் சொல்வார்கள், சூரியன் மறைந்ததைச் சொல்வார்கள். எங்கள் ஆச்சி ஒரு மணல் பொட்டலம் கொண்டுவந்தாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று தனித்தனியாக அடைத்த அந்த பிளாஸ்டிக் உறை, அவள் போன பிறகும் பூஜை அலமாரியில் இருந்தது. அம்மனின் கல்யாணம் நின்றுபோன அன்று கல்யாண வீட்டு அரிசியும் கடுகும் குங்குமமும் மணலாகிவிட்டன என்பாள். சின்ன வயதில் நம்பினேன். பிறகும் அந்தச் சிவப்பு மட்டும் என்னை விடவில்லை.

அது கார்னெட் என்று ஒரு நாள் தெரிந்தது. கறுப்பு, இல்மனைட். வெள்ளை, குவார்ட்ஸ். எல்லாமே மலைப்பாறைகள் சிதைந்து ஆற்றோடு கடலுக்கு வந்தவை. இதே கரை மணலில் மோனசைட் என்ற கனிமத்தை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததும் விசித்திரமான வழியில்தான்: திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. அதில் கிடைத்த தோரியம் கேஸ் விளக்கின் மேண்டிலுக்குப் போயிற்று. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்த கதை அங்கே தொடங்குகிறது. ஊரின் பெயரிலேயே மணவாளன் இருப்பதை நினைத்து ஒரு கணம் நின்றேன்.

ஆனால் ஆற்றில் கலந்து வந்த மணலை நிறம் நிறமாகப் பிரித்தது யார்? விற்பவர்கள்தான் சலிக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, முக்கடல் சங்கமத்தருகே பொட்டலம் விற்கும் ஒரு பாட்டியிடம் இரண்டு நாள் சாயங்காலமும் போய் உட்கார்ந்தேன்.

"எந்தச் சல்லடை பாட்டி?"

"சல்லடை என்னத்துக்கு?"

"அப்போ கையால பொறுக்குறதா?"

"ஒருத்தரும் பொறுக்கல மக்ளே. கடலு கொழிச்சுப் போடும், நாங்க அள்ளுவோம். ஆனி ஆடியில அலையப் பாரு."

அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. மறுநாளும் அதே பதில். கடைசியில் அலுத்துப்போய்க் கேட்டார்: "நீ அரிசி கொழிச்சிருக்கியா?"

இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்லைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். அலை கரையில் மணலை ஒதுக்குவதும் கொழித்தல், முறத்தில் அரிசியிலிருந்து கல்லை ஒதுக்குவதும் கொழித்தல். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகக் கனம், கார்னெட் ஏறத்தாழ நான்கு மடங்கு, இல்மனைட் நாலரைக்கும் மேல். ஏறிவந்த அலை திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு கனத்ததை விட்டுப்போகிறது. பாட்டி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

வீட்டில் ஆச்சியின் முறம் இருந்தது, வெந்தயம் அரைத்து அவள் மெழுகியது. மனம் கேட்காமல் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையும் சிவப்பும் ஒரு பிடி கலந்தேன். நாலு தடவை அசைத்தும் எதுவும் பிரியவில்லை. ஐந்தாவது தடவை மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தனியே ஒதுங்கிற்று.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இடது கையைத் தாழ்த்திப் பிடி. ஆச்சி அப்படித்தான் பிடிப்பா" என்றாள்.