கால் எட்டுகிற வண்டி

"ஏங்கண்ணு, பெரிய வண்டிய வித்துப்போட்டு யாராச்சும் சின்ன வண்டி வாங்குவாங்களா?" என்று அத்தை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2020-இல் அந்தப் பெரிய வண்டி வீட்டுக்கு வந்த அன்று, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இத்தனை பெரிய வண்டி?" என்று இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவரும் இதே அத்தைதான்!

நான் ஓட்டியது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சி.சி. மலைப் பயணத்துக்கென்றே செய்த வண்டியில், கோவை வடவள்ளியில் காய்கறி வாங்கப் போனேன் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் சிறு தொழில் எனக்கு. வாரம் இரண்டு தடவை திருப்பூர் போய்த் துணி எடுத்து வரவேண்டும். ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஸ்கூட்டரில் போய் வந்தால் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஹிமாலயனில் நிமிர்ந்து உட்காரலாம். பள்ளம் மேடு வந்தால் எழுந்து நின்றபடியே ஓட்டலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் நான்தான் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வந்தார். அந்தப் பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது போங்கள்!

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வண்டியின் இருக்கையோ தரையிலிருந்து 800 மில்லிமீட்டர். எடை கிட்டத்தட்ட 200 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். சிக்னலில் கால் விரல் நுனியை ஊன்றிக்கொண்டு நிற்பேன். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

2023 ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். ஐந்து வயது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு பெட்ரோல் போட நின்றேன். தரை கொஞ்சம் சரிவு. ஊன்றிய விரல் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. வண்டி வேகமாக விழவில்லை. மெல்ல, மெல்லச் சாய்ந்தது. பிடித்து நிறுத்த என்னிடம் பலம் இல்லை, அவ்வளவுதான். முன்னால் இருந்த இரும்புக் கம்பி தாங்கிக்கொண்டதால் என் கால் தப்பியது. குழந்தையின் ஹெல்மெட் தரையில் மோதிய 'டொக்' என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முட்டியில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "அம்மா, வண்டிக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டாள் அவள்.

(இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நாலு வயது முடிகிறவரை இவளை நான் வண்டியில் ஏற்றியதே இல்லை. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால், நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி போட்டிருக்கிறார்கள்.)

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நானும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஓட்டத் தெரியாமல் விற்றுவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்பதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. குழந்தை விழுந்ததைவிட அதுவா பெரிசு என்று கேட்பீர்கள். அப்போது அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்?

2024 தொடக்கத்தில் ஒரு நாள், "ஏனுங்க, மீட்டியரைப் பார்த்துட்டு வரலாமா?" என்றேன். அதே கம்பெனியின் மீட்டியர் 350. தினமும் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, மகளையும் பின்னால் உட்கார வைத்துத்தான் பார்த்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்! காலாலேயே வண்டியைப் பின்னுக்குத் தள்ள முடிந்தது. எடை 191 கிலோ, அதில் பெரிய வித்தியாசமில்லை. இருக்கை 765 மில்லிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர்தான் குறைவு. ஒரு புடவை பார்டர் அகலம்கூட இல்லை!

எல்லாமே லாபம் என்று சொல்லமாட்டேன். இதில் காலை முன்னால் நீட்டி வைத்து உட்கார வேண்டும். முதல் பத்து நாள் என் கால் பழைய இடத்திலேயே ஃபுட்ரெஸ்ட்டைத் தேடியது. வேகத்தடையில் எழுந்து நிற்க வராது. தூக்கிப் போட்டால் முதுகெலும்பு நேராக வாங்கிக்கொள்ளும். ஆகவே வேகத்தைக் குறைக்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் திருப்பூர் போய் வந்த அன்று தோளும் மணிக்கட்டும் வலிப்பதில்லை. டயரில் ட்யூப் கிடையாது. ஆணி ஏறினாலும் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், பஞ்சர் கடை வரை போய்விடலாம். மகளுக்கு முதுகில் சாய்மானத் திண்டு இருக்கிறது.

பழைய வண்டி விற்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன். இன்ஷூரன்ஸில் நஷ்டஈடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி வண்டிக்கு அல்ல, நமக்கு. வளைந்த கிளட்ச் லீவரைக் கைக்காசில்தான் மாற்றியிருந்தேன். நாலு வருஷமும் எதுவும் கேட்காததால் 45 சதவீதத் தள்ளுபடியைக் கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறுகிற வரை வாங்கினவரை நச்சரித்துக்கொண்டும் இருந்தேன். நம் பெயரில் இருக்கும்வரை வம்பும் நம் பெயரில்தானே?

அதை வாங்கிக்கொண்டு போன பையன் தெருமுனையில் திரும்பியபோது, நான் சமையலறைக்குள் போய்விட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அத்தைதான்.

போன மாதம் கிருத்திகை அன்று அத்தை என்னிடம் வந்து, "மருதமலை அடிவாரம் வரைக்கும் உன் வண்டில போலாமா கண்ணு? அந்த வண்டில எனக்குக் கால் எட்டாது, அதான் கேக்கல" என்றார். நாலு வருஷமாக இதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறார்! கொண்டையோடு ஹெல்மெட் ஏறவில்லை. அவிழ்த்து, பின்னிவிட்டு, மாட்டினேன். புடவைத் தலைப்பை நன்றாக இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். முதல் திருப்பத்தில் என் இடுப்பை இறுகப் பிடித்தவர், வழியெல்லாம் விடவே இல்லை.