பூ உதிர்ந்த காம்பு

ஹோயா வளர்ப்பவர்கள் வீட்டுக்குப் போனால், பூவைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்துவிடும்: "காம்புல கை வச்சிராதீங்க." பூவெல்லாம் கொட்டிய பிறகு கொடியில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைக் காம்பைத்தான் சொல்கிறார்கள். இலை கிடையாது, பசுமையும் அதிகம் கிடையாது. வேலை முடிந்த காம்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்த பூங்கொத்து அதன் நுனியிலிருந்துதான் வரப்போகிறது. அதற்கடுத்த கொத்தும் அங்கேதான். ஒவ்வொரு முறை பூக்கும்போதும் காம்பு கொஞ்சம் நீள்கிறது. பழைய காம்பு ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், உதிர்ந்த பூ ஒவ்வொன்றும் விட்டுப்போன வடு அடுக்கடுக்காகத் தெரியும். எத்தனையோ கொத்துகளின் கணக்கு அந்தச் சின்னக் காம்பில் பதிந்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த பூச்செடி வளர்ப்பு இதற்கு நேர் எதிரானது. பனிக்காலத்தில் கவாத்து செய்தால்தான் மல்லிகை வெயில் காலத்தில் பூத்துக் கொட்டும். ரோஜாவில் பூ வாடியதும் வெட்டிவிட வேண்டும். வெட்டு, கிள்ளு, புதிதாகத் துளிர்க்கும் என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஹோயாவுக்கு அது ஆகாது. காம்பை வெட்டினால் கொடி சாகாது. ஆனால் அந்த இடத்தில் இனிப் பூ கிடையாது, வேறொரு காம்பை அது முதலிலிருந்து உண்டாக்க வேண்டும். இலையே இல்லாமல் சாட்டைபோல நீண்டு காற்றில் தடவிக்கொண்டிருக்கும் புதுக் கொடியையும் வெட்டக்கூடாது. பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்த பிறகுதான் அது இலை விடும். காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வாழும் கொடி இது. முதலில் பிடி, பிறகுதான் இலை.

கோவையில் எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் தொங்குவது ஹோயா கார்னோசா. தென் சீனம், தைவான், ஜப்பானின் தென்பகுதித் தீவுகள் இதன் சொந்த இடம். முத்திப்போன இலை தடித்து, ரப்பர்போல இருக்கும். இரண்டு விரலால் இலையை மெதுவாக மடக்கிப் பார்ப்பேன். மடங்க மறுத்தால் செடிக்குத் தண்ணீர் வேண்டாம். சுலபமாக வளைந்தால் தாகம் என்று அர்த்தம். கற்றாழையைப் போல இதுவும் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சு வாங்கும் வகை. அதனால்தான் குறைந்த தண்ணீரில் பிழைக்கிறது. தினமும் ஊற்றுகிற வீடுகளில் வேர் அழுகிச் சாகிறது. நார்த்துண்டும் கரித்துண்டும் கலந்து, தண்ணீர் நிற்காத சின்னத் தொட்டியில் வைத்தால் போதும். பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூப்பதைத் தள்ளிப்போட்டு வேர் விட்டுக்கொண்டிருக்கும்.

முதல் கொத்து விரிந்தபோது அம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். இருபதுக்கு மேல் பூக்கள், குடை விரித்தாற்போல ஒரே காம்பில். ஒவ்வொன்றும் வெளிறிய இளஞ்சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரத்தின் மேல் இன்னொரு சின்ன நட்சத்திரம். அதன் நடுவில் இரத்தச் சிவப்பு. கீழ் நட்சத்திரத்தில் பூனை முடிபோல மெல்லிய ரோமம், மேலே இருப்பது வழவழப்பு. "எருக்கம்பூ மாதிரியே இருக்கே, பிள்ளையாருக்கு வைக்கலாமா?" என்றார். வைக்கலாம் என்றேன். காம்பு அசையாமல் ஒரு பூவை மட்டும் நகத்தால் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கு ஹோயாப் பூ ஒவ்வொன்றாகத்தான் போகிறது.

அம்மா தாவரவியல் படித்தவர் அல்ல. ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரி. எருக்கு, வேலிப்பருத்தி, நன்னாரி, சிறுகுறிஞ்சான், ஹோயா எல்லாம் ஒரே குடும்பம். அரளியும் நந்தியாவட்டையும் அதே குடும்பத்தின் இன்னொரு கிளை. ஹோயா இலையைக் கிள்ளினாலும் பால் வடியும். முதிர்ந்த காய் வெடித்தால் எருக்கைப் போலவே பஞ்சு முளைத்த விதை பறக்கும். ஆனால் வீட்டுக்குள் வளர்வது காய்ப்பது அபூர்வம். காரணம் பூவின் நடுவில் இருக்கும் ஒரு பொறி. அதைப் பார்க்க ஹோயாவைக் கெடுக்க வேண்டாம், தெருவோர எருக்கே போதும். சிறுவயதில் எருக்க மொட்டை நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்க விட்டவர்கள் யாரும் அந்தப் பூவுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

எருக்கம்பூவின் நடுவே எழுந்து நிற்கும் மேடைக்கு ஐந்து மூலை. ஒவ்வொரு மூலையிலும் மேலிருந்து கீழாக முடி நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பிளவின் உச்சியில் மிகச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. மெல்லிய ஊசியைக் கீழிருந்து பிளவுக்குள் விட்டு நிதானமாக மேலே இழுங்கள். அந்தப் புள்ளி ஊசியைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அதிலிருந்து இரண்டு மஞ்சள் பைகள் இரு பக்கமும் தொங்கும். அவைதான் மகரந்தம். மற்ற பூக்களில் போலத் தூளாக உதிராமல் மெழுகாக இறுகிப் பைக்குள் இருக்கிறது. தேன் குடிக்க வரும் கருவண்டின் கால் பிளவில் மாட்டும். வண்டு காலை உதறி இழுக்கும்போது பைகளும் கூடவே வரும். அடுத்த பூவில் அதே கால் இன்னொரு பிளவில் வழுக்கும்போது பை உள்ளே சிக்கி நின்றுவிடும். ஹோயாவிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது. ஜன்னலுக்கு உள்ளே அந்தக் காலுக்கு எங்கே போவது? ஊசி வேலை செய்கிறவர்கள் எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கெடுதல்.

இந்தப் பொறியை விடாமல் துருவிப் பார்த்தவர் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். மகரந்தத்தின் நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டு எழுதியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆர்க்கிடுகளிலும் எருக்கு வகைகளிலும் மகரந்தம் எப்படிச் சேர்கிறது என்று 1831-இல் அவர் படித்த கட்டுரையில்தான், செல்லுக்குள் இருக்கும் உட்கருவுக்கு இன்றுவரை வழங்கும் பெயரை இட்டார். உயிரியலின் அடிப்படைச் சொற்களில் ஒன்று, பூ எப்படிக் காய் பிடிக்கிறது என்று தேடப்போன இடத்தில் கிடைத்திருக்கிறது.

அதே பிரவுன்தான் 1810-இல் நம் கொடியை எருக்குக்கு உறவான அஸ்கிளிபியாஸ் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து ஹோயா என்று பெயர் வைத்தார். தாமஸ் ஹோய் என்பவர் நினைவாக வைத்த பெயர் அது. ஹோய் பிரபுவும் இல்லை, பேராசிரியரும் இல்லை. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியின் ஒரு கரையில் கியூ தோட்டமும் எதிர்க்கரையில் சையன் ஹவுஸ் மாளிகையும் இருக்கின்றன. அந்த மாளிகைக்குச் சொந்தக்காரர் நார்தம்பர்லேண்ட் டியூக். அவரிடம் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் ஹோய். வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வந்த செடிகளை அந்தக் குளிரில் கண்ணாடி வீடுகளுக்குள் வைத்துப் பிழைக்க வைப்பது அவரைப் போன்றவர்களின் வேலை. பணம் கொடுத்தவர்களின் பெயரைச் செடிகளுக்கு வைப்பது சாதாரணமாக நடந்த காலம். பிரவுன் டியூக்கை விட்டுவிட்டுத் தோட்டக்காரரின் பெயரை வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே பிரவுன்மேல் எனக்குத் தனி மரியாதை.

நம் பக்கத்தில் இதற்கு இணையான கதை ஒன்று உண்டு. அது இவ்வளவு நன்றாக முடியவில்லை. 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் ராபர்ட் வைட். தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்த வைட்டுக்கு எருக்குக் குடும்பத்தின் மீது தனி ஈடுபாடு. அதைப் பற்றி விரிவாகவே எழுதினார். ஹோயாவிலேயே ஓர் இனத்துக்கு அவர் பெயரிட்டிருக்கிறார். 1842 முதல் சுமார் பத்தாண்டுகள் கோவை வட்டாரத்தில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலை அவரிடம் இருந்தது. 1838 தொடங்கி 1853 வரை அவர் வெளியிட்ட படத் தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து.

அந்தப் படங்களைச் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியாது. முழுக் கிளை ஒன்று நிற்கும். அதன் காலடியில் பூவைப் பிளந்து, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, மகரந்தப் பையைத் தனியே எடுத்துப் பெரிதாக்கி வரைந்திருக்கும். நாம் எருக்கில் ஊசி விட்டு இழுத்துப் பார்க்கிற சின்னப் பொருளைத் தூரிகை நுனியால் வரைவதென்றால் எத்தகைய கண் வேண்டும், எத்தகைய கை வேண்டும்! எடின்பரோவின் அரச தாவரவியல் தோட்டத்தில் அவர்களின் மூல ஓவியங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஹென்றி நோல்ட்டி என்ற ஆய்வாளர் 2007-இல் அவற்றை நூலாகவே கொண்டுவந்தார். அட்டையில் வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து பெயர்களும் வர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வைட் நன்றி மறந்தவர் அல்ல. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரையே வைத்தார். ஆனால் அந்தச் செடி ட்ரோபிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. முந்தி வைத்த பெயருக்கே முதலிடம் என்பது தாவரவியல் விதி. ட்ரோபிடியா நின்றது, கோவிந்தூயா இணைப்பெயர்ப் பட்டியலுக்குப் போய்விட்டது. விதி நியாயமானதுதான், அதில் யாருடைய வஞ்சனையும் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. சையன் ஹவுஸ் தோட்டக்காரரின் பெயரை உலகம் முழுக்க ஜன்னலோரங்களில் அழைக்கிறார்கள். கோவிந்துவின் பெயரைத் தாவரவியல் மாணவர்கள்கூட உச்சரிப்பதில்லை. புதிய இனங்களுக்குப் பெயர் வைக்கிற நம் ஊர் ஆய்வாளர்கள் ஒரு செடிக்காவது மறுபடி அவரை நினைக்க வேண்டும். இனப்பெயராக வைத்தால் எந்தத் தடையும் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு ஹோயாவுக்கு வைட்டின் பெயர் இருக்கிறது. அதில் பழனி மலைக்கே உரிய வகை ஒன்றும் உண்டு. பழனி என்பது அதன் பெயரிலேயே வருகிறது. சீனத்துக் கொடியைக் காசு கொடுத்து வாங்கித் தொங்கவிட்டிருக்கும் பலருக்கு, நம் மலையிலேயே ஒன்று மரத்தில் தொற்றிப் பூக்கிறது என்று தெரியாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியில் இதய வடிவில் ஒற்றை இலையைத் தொட்டியில் நட்டு விற்பார்கள். அது ஹோயா கெர்ரி. கணு இல்லாத வெறும் இலை வேர் விடும், சில வருடம் பச்சையாகவும் நிற்கும்; கொடியாகாது, பூக்காது. கணுவோடு கூடிய துண்டைக் கேட்டு வாங்குங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேப்பெண்ணெய் தெளியுங்கள். மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மொட்டு கொட்டிவிடும். கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டில் மரத்தில் தொங்கும் ஹோயாவைக் கண்டால் நின்று பாருங்கள், படம் எடுங்கள். கிள்ளி எடுத்து வராதீர்கள். சமவெளி வெயிலில் அது பிழைப்பது கடினம், காட்டிலோ அது இருக்கும் இடமே கொஞ்சம்.