கசகசாப் பூவும் பூவரசம் பூவும்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், லண்டனில் உத்தியோகம் பார்க்கும் என் தமையனார் மகனிடமிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் சிவப்புக் காகிதத்தில் செய்த பூ ஒன்று மேஜை மீது விழுந்தது. இரண்டு இதழ்கள், நடுவே கறுப்புப் பொட்டு, பக்கத்தில் ஒரு பச்சை இலை.

"சித்தப்பா, நவம்பர் 11-ஆம் தேதி நெருங்குகிறது. இங்கே மந்திரிமார் முதல் பஸ் ஓட்டுகிறவர் வரையில், யுத்தத்தில் மாண்டவர்களின் நினைவாக இந்தப் பூவைச் சட்டையில் குத்திக் கொண்டிருக்கிறார்கள். நானும் குத்திக் கொள்ளலாமா? நம்மை அடக்கி ஆண்டவர்களின் சேனைக்கு நாம் எதற்காகப் பூச் சூட வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. செத்தவர்கள் மேல் என்ன கோபம் என்று இன்னொரு மனம் சொல்கிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

"இது என்ன பூ?" என்று கேட்டுக் கொண்டே என் மனைவி வந்தாள்.

"பாப்பி. நம் வீட்டுக் கசகசாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி."

"அப்படியானால் பாயசம் வைக்கலாமே! சட்டையில் குத்திக் கொள்வானேன்?" என்றாள்.

கேள்வி வேடிக்கையானதுதான். ஆனால் பதில் வேடிக்கையானதல்ல. கசகசாவும் அபினியும் தருகிற செடி வேறு. இது ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் காட்டுச் செடி. இதன் விதை மண்ணுக்குள் பல வருஷங்கள் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறிவிட்டால் வெளிச்சம் பட்டு முளைக்கும். 1914-இல் தொடங்கிய மகாயுத்தத்தில், பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் பீரங்கிக் குண்டுகள் உழாத நிலமில்லை. மரமும் வீடும் அழிந்த இடத்தில், புதிதாகத் தோண்டிய சவக்குழிகளின் மேல், இந்தச் சிவப்புப் பூ மட்டும் பூத்துக் குலுங்கியது.

1915-ஆம் வருஷம் மே மாதத்தில், கனடா தேசத்துப் பட்டாள வைத்தியர் ஜான் மெக்ரே என்பவர், தம் சிநேகிதர் ஒருவரைப் புதைத்துவிட்டு வந்து இந்தப் பூவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 1918 நவம்பரில் அதைப் படித்து மனம் உருகிய மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க மாது, இனி எந்நாளும் பாப்பி அணிவதென்று சங்கற்பம் செய்து கொண்டார். அவரும் ஓர் ஆசிரியை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அன்னா கெரான் என்ற பிரெஞ்சு மாது அந்த வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். 1921-இல் முதல் பாப்பித் தினத்தன்று அங்கே 1,06,000 பவுனுக்கு மேல் வசூலாயிற்று. மறு வருஷமே, அங்கஹீனரான சிப்பாய்கள் இந்தப் பூவைச் செய்வதற்கென்று ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. ஒற்றைக் கை உள்ளவனும் செய்யக்கூடிய விதத்தில் பூவை அமைத்தார்களாம். இதைப் படித்தபோது, இந்தக் காகிதப் பூவைக் கசக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

யுத்தத்துக்கும் பூவுக்கும் உள்ள சம்பந்தம் நமக்குப் புதிதல்ல. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான். எதிர்த்து நின்று பொருதவன் தும்பை சூடினான். வென்றவன் வாகை சூடினான். நாம் சூடியது போருக்குப் போகிறவனின் பூ. இவர்கள் சூடுவது திரும்பி வராதவனின் பூ. அப்படித் திரும்பாதவனுக்கு நம் முன்னோர்கள் கல் நட்டார்கள்; அதில் அவன் பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டினார்கள். பெயரைப் பொறித்தார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஏனென்றால், எங்கள் குடும்பத்திலும் திரும்பி வராத ஒருவர் உண்டு. என் பாட்டியின் தகப்பனார், வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர் சென்று, பாதை போடுவதும் பாலம் கட்டுவதுமான மதராஸ் ஸாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். 1916-இல் கப்பலேறி மெசபடோமியாவுக்குப் போனார். அவர் போன பிறகுதான் பாட்டி பிறந்தாள். அவர் இறந்த செய்தி தாங்கிய காகிதம் ஒன்று வந்தது. அதுவும் செல்லரித்துப் போயிற்று. இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசைதானே கதி? பாட்டி தன் ஆயுள் பரியந்தம் அன்றைக்கு ஓர் இலை போட்டுப் படைத்து வந்தாள். முகம் அறியாத தகப்பனாருக்கு அவள் பரிமாறிய அந்த இலையை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன்.

அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல். மடிந்தவர்கள் சுமார் 74,000 பேர். பிரான்ஸில் நவ் ஷப்பேல் என்னும் இடத்தில் 1927-இல் திறந்த ஞாபகச் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் 1929-இல் பாஸ்ராவில் திறந்த சின்னத்தில் கதை வேறு. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பட்டாளத்தின் பெயரும், அதில் இறந்தவர்களின் எண்ணிக்கையுந்தான். என் பாட்டி இலை போட்டுப் படைத்த மனிதர் அங்கே ஓர் எண்ணுக்குள் அடங்கிவிட்டார். இவ்விதப் பாரபட்சம் நடந்தது உண்மையென்று, அந்தச் சின்னங்களைப் பராமரிக்கும் கமிஷனே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த மன்னிப்பு! அதைக் கேட்கப் பாட்டி இல்லை.

ஆகவே, என் தமையனார் மகனின் முதல் மனம் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயத்தைக் காரியத்தில் காட்டியவர்கள் இலங்கையில் இருந்தார்கள். அங்கே பாப்பித் தினத்தில் வசூலான பணத்தில் பெரும் பகுதி சீமைக்குப் போயிற்று. அதே யுத்தத்துக்குப் போய் வந்த இலங்கைச் சிப்பாய்க்குக் கிடைத்தது சொற்பம். இதைக் கண்டு மனம் பொறாத ஏலியன் பெரேரா என்பவர், 1931-இல் பாப்பிக்குப் பதிலாக நவம்பர் 11 அன்று 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல் என்பது வேறு ஒன்றுமில்லை. நம் கொல்லைப் பூவரசம் பூதான்!

1933-இல் வாலிபர்கள் அதைப் பெரிய இயக்கமாக்கினார்கள். தங்கள் ஊர்ச் சிப்பாய் பட்டினி கிடக்க, பள்ளிக் குழந்தைகள் காசு கொடுத்துப் பாப்பி வாங்குவது என்ன நீதி என்று, டொரீன் யங் என்ற ஆசிரியை பத்திரிகையில் எழுதினார். அவர் ஆங்கிலப் பெண்மணி என்பதுதான் விசேஷம். இயக்கத்துக்கு அவரையே தலைவியாக்கினார்கள். அடுத்த இரண்டு வருஷங்களில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையைச் சூறையாடியபோது, பூ விற்ற அதே வாலிபர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு போனார்கள். அவர்கள் இறந்தவரை நினைப்பதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. எந்த இறந்தவரை, யாருடைய காசில், யாரை மறந்துவிட்டு என்றே கேட்டார்கள்.

இவ்வளவும் யோசித்த பிறகு, இரவு பதில் எழுத உட்கார்ந்தேன்.

"சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். பூவைக் குத்திக் கொள். அதைச் செய்தவர்களில் கையிழந்த ஏழைகளும் இருந்தார்கள். அவர்கள் நம்மை ஆளவில்லை. உனக்குக் காகிதப் பூ பிடிக்காவிட்டால், இந்தியச் சிப்பாய்களின் ஞாபகார்த்தமாக 2018-இல் கதரிலேயே பாப்பி செய்து வெளியிட்டார்கள். அது கிடைக்குமா என்று விசாரி. ஆனால் பூவைக் குத்திக் கொண்டு வாயை மூடிக் கொண்டிராதே. உன் காரியாலயத்தில் யாராவது ஒருவருக்காவது பாஸ்ராவைப் பற்றிச் சொல். எங்கள் பாட்டனார் அங்கே எண்ணாக இருக்கிறார், அவருக்குப் பெயர் ஒன்று உண்டு என்று சொல்" என்று எழுதி, அவருடைய பெயரை அவர் தகப்பனார் பெயரோடும் ஊரோடும் முத்து முத்தாக எழுதி முடித்தேன். அந்தப் பெயரை நான் எழுதியது அதுவே முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பது வயது கடந்த உபாத்தியாயன், ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் சரித்திரம் போதிக்கிறவன்!

நவம்பர் 11 அன்று காலையில் என் பெண் பள்ளிக்கூடம் கிளம்பினாள். கொல்லைப் பூவரசில் ஒரு பூப் பறித்துச் சட்டையில் குத்தியிருந்தாள்.

"யாராவது கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்றேன்.

பாட்டியின் தகப்பனார் பெயரைத் தப்பில்லாமல் சொன்னாள்.

மாலையில் அவள் வீடு திரும்பியபோது பூ வாடியிருந்தது. காலையில் மஞ்சளாக இருந்தது, பூவரசம் பூவின் சுபாவப்படி, நன்றாகச் சிவந்திருந்தது.