திரே, பூஸே

அப்பாவின் நாட்குறிப்பைப் பாரீசிலிருந்து அண்ணனும் புதுச்சேரியிலிருந்து நானும் தட்டச்சு செய்கிறோம். பொதுப் பிரதி இணையத்தில். இரண்டு பேர் திருத்தமும் குழம்பாமல் காப்பது 'கிட்' என்ற மென்பொருள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது.

உட்கார்ந்ததும் 'கிட் புல்': அண்ணன் திருத்தியது என் கணினிக்கு வந்துவிடும். எழுதி முடித்ததும் 'கிட் ஆட்', பிறகு ஒரு வரிக் குறிப்போடு 'கிட் கமிட்'. ஆபீஸ் கோப்பில் நோட் போட்டுக் கையெழுத்திடுவது மாதிரி. ஆனால் கோப்பு இன்னும் நம் மேசையில்தான். 'கிட் புஷ்' கொடுத்தால்தான் தபாலில் போகும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கதவில் எழுதியிருக்கும் 'திரே', 'பூஸே' ஞாபகம் வரும். இழு, தள்ளு, அவ்வளவே. அண்ணன் அனுப்பியதை வாங்காமல் தள்ளினால் ஏற்காது. நல்ல ஏற்பாடு!

'கிட் லாக்' அடித்தால் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று தெரியும். அண்ணனுக்கு 81 வயது. போனில் காது கேட்பதில்லை. காலையில் அதில் அவர் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது.