அன்னத்தின் கழுத்து

எங்கள் வீட்டில் அலங்காரப் பொருள் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சாண் உயரக் கண்ணாடி அன்னம். அதன் நிறத்தை மயில்நீலம் என்று சொன்னால் அப்பா ஒப்ப மாட்டார். 'டர்க்காய்ஸ்' என்று திருத்துவார். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர் அவர். பருத்தியில் மற்ற ரியாக்டிவ் சாயங்கள் 60 டிகிரிச் சூட்டில் பிடித்துவிடும். பெரிய மூலக்கூறுகொண்ட டர்க்காய்ஸுக்கு 80 டிகிரி வரை வேண்டும், பொறுமையும் வேண்டும். 1997-இல் அந்த நிறத்தில் வந்த ஓர் ஆர்டர், ஷேடு சரியில்லை என்று பலமுறை திரும்பியது. கடைசியில் அது பாஸான மகிழ்ச்சியில், பையர் தமக்குத் தந்திருந்த அன்னத்தை முதலாளி அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

சென்ற பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அதை உடைத்தவர்கள் நாங்கள், அக்காவும் தம்பியும். உடைத்தது இருவரில் யார் என்பதை இன்றுவரை வெளியில் சொல்லவில்லை. கழுத்து மூன்று துண்டாயிற்று. வளைவில் ஒரு புளியங்கொட்டையளவுச் சில்லு தூளாகிப்போனது.

அப்பாவுக்குத் தெரியாமல் ஒட்டிவிடலாம் என்பதே எங்கள் முதல் எண்ணம். 2011 ஜனவரியில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறைக்கு மாறாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர் எவரும் அத்தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது, அப்பாவும் சொன்னதில்லை. ஆனால் அதன்பின் அவர் நிறங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அன்னம் மட்டுமே அந்த நாட்களின் சாட்சியாக அலமாரியில் நின்றது.

முதலில் பெவிகுவிக் வைத்தோம். கழுத்து நின்றது, ஆனால் மறுநாள் ஒட்டைச் சுற்றி வெண்பனி படர்ந்தாற்போல் ஆகிவிட்டது. அந்தப் பசையின் ஆவி படிந்தால் அப்படித்தான் வெளுக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். அசிட்டோனில் ஊறவைத்துப் பிரித்து, துண்டுகளைத் துடைத்து வைத்துவிட்டு, முறையாகக் கற்கத் தொடங்கினோம்.

கற்றவற்றுள் எங்களைக் கவர்ந்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் போர்ட்லண்ட் குவளையின் கதை. கருநீலக் கண்ணாடிமேல் வெண்ணிற உருவங்கள் செதுக்கிய ரோமானியக் குவளை அது. 1845-இல் ஒருவன் சிலைத்துண்டு ஒன்றை வீசி அதை நொறுக்கினான். அவ்வாண்டே ஒட்டினார்கள், 37 சிறு துண்டுகளுக்கு இடம் தெரியாமல் மிஞ்சின. 1948-இல் பிரித்து மீண்டும் ஒட்டினார்கள். அந்தப் பசையும் மஞ்சளித்து நொறுங்கவே, 1988-89-இல் மூன்றாம் முறையாக எபாக்சிப் பசையால் சேர்த்து, துண்டு கிடைக்காத இடைவெளிகளை நீலமும் வெள்ளையுமான பிசினால் நிரப்பினார்கள். ஒட்டுவது ஒருமுறையோடு முடிவதில்லை என்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றும் புரிந்தது. கண்ணாடியில் விரிசல் தெரிவதற்குக் காரணம் இடையில் நிற்கும் காற்று. ஒளி அங்கே திரும்பிவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, அதற்கு நெருங்கிய எண்ணுடைய பசை இடையில் புகுந்தால் கோடு மங்கிவிடும். மயிரிழை விரிசலுக்கு நிறமற்ற பசையே போதும். நிறம் தேவைப்படுவது, துண்டே இல்லாமற்போன இடத்தில்.

விரிசல்களை அப்படியே சேர்த்துவிட்டோம். புளியங்கொட்டைப் பள்ளம்தான் மிஞ்சியது. பிசினில் பொம்மை செய்யும் பிள்ளைகளுக்கு விற்கும் நீல நிறமியைக் கலந்து பார்த்தோம். கிண்ணத்தில் சரியாகத் தெரிந்தது, பள்ளத்தில் வெளிறிப்போனது. கூட்டினோம்; கறுத்தது. நான்காம் நாள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"கிண்ணத்துல பாத்தா எப்புடிங்க கண்ணு தெரியும்? பள்ளம் எத்தன கனமோ அத்தன கனத்துலதான பாக்கோணும்."

அவருக்கு முதல் நாளே தெரியும்போலும். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர் உடைந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

முதலில், தம் பெட்டியில் மிஞ்சியிருந்த பழைய சாயப்பொடியை எடுத்துவந்தார். அது பிசினில் கரையவே இல்லை. துகள் துகளாய் மிதந்தது. நீரில் கரைந்து பருத்தியைப் பற்றுவதற்கென்று பிறந்த பொருள் அது. "இதுக்கு இங்க வேலையில்ல" என்று மூடிவைத்தார். பிறகு எங்கள் நிறமியையே வாங்கி, ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கலந்தார். ஒவ்வொரு தொடுதலையும் எண்ணி எழுதச் சொன்னார். பழைய கண்ணாடிச் சில் ஒன்றின்மேல், பள்ளத்தின் ஆழத்துக்குச் சமமான கனத்தில் மூன்று சொட்டுகள் வைத்து அ, ஆ, இ என்று குறித்தார். லேப் டிப் என்று துணித்துண்டுகளில் சாயமேற்றி, பையருக்கு மூன்று வகை அனுப்பும் அதே முறை.

மறுநாள் சொட்டுகள் இறுகிய பின் அன்னத்தருகே வைத்துப் பார்த்தவர், ஒரு கண்ணைப் பொத்தினார்; பிறகு மற்றதை. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வலக்கண்ணில் மட்டும் புரை நீக்கியிருக்கிறது. இடக்கண்ணில் இன்னும் மஞ்சள் திரை. 1923-இல் புரை அறுவை செய்துகொண்ட ஓவியர் மோனேயும் இரு கண்ணும் இரு நிறம் காட்டும் இதே இக்கட்டில் சிக்கியவர்தான். அப்பாவின் ஒரு கண்ணுக்கு 'அ' சரி. மறு கண்ணுக்கு 'இ' சரி.

"நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

ஐம்பது கிலோ துணியில் கால் சதவீதச் சாய வேறுபாட்டைப் பார்த்தே சொல்லும் மனிதர் எங்களிடம் கேட்கிறார். எந்த நிறத்தைப் பற்றியும் அவர் எங்களை அதுவரை கேட்டதில்லை. நாங்களும் அவரிடம் கேட்டதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்து, இருவரும் 'ஆ' என்றோம். கழுத்தின் உட்புறம் மெழுகு வைத்து அடைத்து, ஊசியால் குமிழிகளை வெளியேற்றி, அந்தக் கலவையைப் பள்ளத்தில் நிரப்பினோம். ஒரு வாரம் கழித்து பிளேடால் சீவி மெருகேற்றியபோது, ஒட்டிய இடத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது.

அன்றிரவு சமையலறை விளக்கைப் போட்டோம். அன்னத்தின் கழுத்தில் பச்சையாக ஒரு புளியங்கொட்டை!

எங்கள் முகம் விழுந்ததைக் கண்டு அப்பா சிரித்தார். ஒரு வெளிச்சத்தில் பொருந்தும் இரு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்துவிடும்; சாயப்பட்டறையில் லைட் பாக்ஸ் வைத்திருப்பதே அதற்காகத்தான், பகல் ஒளியிலும் ஐரோப்பியக் கடை விளக்கிலும் மாற்றிமாற்றிப் பார்ப்பார்கள் என்று விளக்கினார். அவரோடு சேர்ந்து நாங்களும் யோசித்தோம். கண்ணாடிக்கு இந்த நிறம் தருவது பெரும்பாலும் செம்பு. டர்க்காய்ஸ் சாயத்தின் மூலக்கூறு நடுவிலும் செம்பு. நாங்கள் வாங்கிய நிறமி தாலோசயனின் நீலம், அதிலும் செம்பு. உலோகம் ஒன்றேயாயினும், ஒவ்வொன்றும் ஒளியை விழுங்கும் விதம் வேறு.

அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கவேண்டும். ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. பிரித்துவிட்டு வேறு நிறமியில் செய்யலாமா என்று மட்டும் கேட்டோம்.

"பகல்ல ஜன்னல்ல நிக்கப்போவுது. ராத்திரிக்கு வெளக்க அணைச்சிட்டாப் போச்சு" என்றவர், எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அப்ரூவல் குடுத்தது நீங்கதானுங்களே!"