ஞானமும் தாழ்மையும்: ஒரே விண்ணப்பத்தின் வரலாறு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பிள்ளைக்காக ஞானத்தையும் தாழ்மையையும் சேர்த்துக் கேட்கும் ஜெபம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மறுமொழியாக இக்கடிதம் எழுதப்படுகிறது. இவை தனித்தனி விண்ணப்பங்கள் அல்ல, தொடக்கம் முதலே ஒன்றாகக் கேட்கப்பட்டவை என்பதை அந்த ஜெபத்தின் வரலாறே காட்டுகிறது.

கிறிஸ்தவ மரபில் ஞானம் என்பது புத்திக்கூர்மையையோ கல்வித் தேர்ச்சியையோ மட்டும் குறிப்பதன்று; நன்மை தீமையைப் பகுத்தறிந்து, அறிந்தபடியே கடவுளுக்குமுன் நேர்மையாக நடக்கும் ஆற்றலே ஞானம் எனப்படுகிறது. தாழ்மையும் தன்னை இழிவாக எண்ணிக்கொள்வதன்று; தன்னிடம் உள்ள யாவும் கொடுக்கப்பட்டவை என்று உணர்ந்து, பிறர் சொல்வதைக் கேட்கவும் திருத்தத்தை ஏற்கவும் ஆயத்தமாயிருக்கும் மனநிலையே தாழ்மை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நீதிமொழிகள் நூலின் 11, 15 ஆம் அதிகாரங்கள் தெளிவாக எடுத்துரைக்கின்றன.

இந்த ஜெபத்தின் மூலப்படிவம் 1 இராஜாக்கள் 3 ஆம் அதிகாரத்தில், சாலொமோன் அரசன் கிபியோனில் ஏறெடுத்த விண்ணப்பமாக அமைந்துள்ளது. வேண்டியதைக் கேள் என்று சொப்பனத்தில் கர்த்தர் சொன்னபோது, நீடித்த ஆயுளையோ ஐசுவரியத்தையோ சத்துருக்களின் அழிவையோ கேளாமல், போக்குவரவு அறியாத சிறுபிள்ளை என்று முதலில் தன்னை ஒப்புக்கொண்டு, அதன் பிறகே மக்களை நியாயம் விசாரிப்பதற்கான ஞானத்தை அவன் கேட்கிறான். அதே அதிகாரத்தின் முடிவில், ஒரு குழந்தைக்கு உரிமை கோரி இரண்டு பெண்கள் வந்து நிற்க, நாட்டில் யாதொரு செல்வாக்கும் இல்லாத அவ்விருவரின் வழக்கையும் அரசன் பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்பளிக்கிறான். ஆயினும் அவனது முதிர்வயதில் இருதயம் வழிவிலகியதையும், மக்கள்மேல் பாரமான நுகம் சுமத்தப்பட்டதையும் அதே நூல் மறைக்கவில்லை. அவனுடைய மகன் ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டதால் இராஜ்யமே இரண்டாகப் பிளந்தது. ஞானம் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சொத்தாக வருவதில்லை, ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டும் என்ற உண்மையை இவ்வரலாறு பதிவுசெய்கிறது.

பெற்றோரின் பங்கு எத்தகையது என்பதை அன்னாளின் சரித்திரம் விளக்குகிறது. சீலோவில் அழுது வேண்டிப் பெற்ற சாமுவேலை, பால் மறந்தபின் அவள் கர்த்தருக்கே ஒப்புக்கொடுத்தாள். அங்கே ஆசாரியனாகிய ஏலியின் அருகில் வளர்ந்த அந்தப் பிள்ளை, அழைக்கும் குரலுக்குச் செவிகொடுப்பதையே முதல் பாடமாகக் கற்றான். பிள்ளை தன் உடைமை அன்று என்று தாய் ஏற்றுக்கொள்வதும் இந்த ஜெபத்தின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

திருச்சபையின் வழிபாட்டில் இவ்விண்ணப்பம் ஏசாயா 11 ஆம் அதிகாரத்தைத் தழுவி நிலைபெற்றது. ஞானம், உணர்வு, ஆலோசனை, பெலன், அறிவு, தெய்வபயம் ஆகியவற்றை அருளும் ஆவியைப் பற்றி அப்பகுதி கூறுகிறது. பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளில் பக்தியும் சேர்ந்ததால் ஏழு வரங்கள் என்ற வழக்கு உருவாயிற்று. திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்மேல் பேராயர் கைவைத்து ஜெபிக்கும் ஆராதனை, இவ்வேழு வரங்களையும் வேண்டுகிறது; 8 ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படியில் கிடைக்கும் கெலாசிய வழிபாட்டு நூலிலும், 1549, 1662 ஆம் ஆண்டுகளின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகங்களிலும் இவ்வேண்டுதல் இடம்பெற்றுள்ளது. ஞானத்தில் தொடங்கித் தெய்வபயத்தில் முடியும் இவ்வரிசைக்கு அடுத்தே, கண்டதைக் கொண்டும் கேட்டதைக் கொண்டும் தீர்ப்பிடாமல் ஏழைகளுக்கு நீதி செய்வதை ஏசாயா குறிப்பிடுவதால், வேண்டப்படும் ஞானம் யாருக்குப் பயன்படவேண்டும் என்பதும் ஐயமின்றி விளங்குகிறது.

ஞானம் தாழ்மையை விட்டுப் பிரிந்தால் நேர்வதை, வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் 354 இல் பிறந்த அகஸ்டின் தன் வாழ்க்கையைக் கொண்டே விளக்கியுள்ளார். பேச்சுக்கலையில் தேர்ந்த மாணவராக இருந்தபோது, வேதாகமத்தின் எளிய நடையைத் தன் அகந்தையால் இகழ்ந்து ஒதுக்கியதாக அவர் அறிக்கையிடுகிறார். அவருடைய தாய் மோனிக்கா பல்லாண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார்; 387 ஆம் ஆண்டின் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி, மிலானில் பேராயர் அம்புரோஸின் கையால் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ட அவர், அதே ஆண்டில் ஓஸ்தியாவில் காலமானார். பின்னர் பேராயரான அகஸ்டின், ஏறத்தாழ 410 இல், கப்பலேறிப் புறப்படவிருந்த தியோஸ்கோரஸ் என்ற மாணவருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். உரோம அறிஞர் சிசரோவின் உரையாடல்களைப் பற்றிய வினாக்களுக்கு விடை தெரியாவிட்டால் செல்லும் இடத்தில் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சிய அந்த இளைஞருக்கு, சத்தியத்தை அடையும் வழியில் முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் தாழ்மையே என்று அவர் உணர்த்தினார். கற்பதை அவர் தடுக்கவில்லை. புகழுக்காகக் கற்பதையே கண்டித்தார்.

இடைக்காலத்தில் தாமஸ் அக்வினாஸின் பெயரால் வழங்கும் படிப்புக்கு முந்தைய ஜெபமும் இவ்வழியிலேயே செல்கிறது. கற்கும் எளிமை, நினைவாற்றல், சொல்வளம் ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே, பாவம், அறியாமை என்னும் இருவகை இருளில் பிறந்ததை அது ஒப்புக்கொள்கிறது. இந்த மரபை வீட்டுக்குள் கொண்டுவந்தது, குடும்பத் தலைவர் வீட்டாருக்குக் கற்பிக்கும்படி மார்ட்டின் லூதர் 1529 இல் காலை மாலை ஜெபங்களோடு வெளியிட்ட சிறிய ஞானோபதேசம். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்நூலைத் தமிழாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததால், ஞானோபதேசத்தோடு ஜெபத்தையும் கற்றுக்கொடுக்கும் வழக்கம் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளிலும் வேரூன்றியது.

ஆகவே, மகளே, பிள்ளைக்காக ஜெபிக்கும்போது நல்ல மதிப்பெண்ணையோ உயர்ந்த வேலையையோ ஞானம் என்று பெயர் மாற்றிக் கேட்பது இந்த மரபுக்கு ஒவ்வாது. எளியவரின் வழக்கைக் கேட்கும் செவியும், தவறைச் சுட்டிக்காட்டினால் ஏற்கும் மனமும், கற்றதைப் பிறர் நலனுக்குச் செலவிடும் விருப்பமும் பிள்ளைக்கு அருளப்படவேண்டும் என்பதே கேட்கத்தக்கது. யாக்கோபின் நிருபம் ஞானத்தில் குறைவுள்ளவர் எவரும் கேட்கலாம் என்று கூறுவதால், பெற்றோரும் முதலில் தங்களுக்காக அதையே கேட்பது முறை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பெற்றோரின் வீட்டில் தாழ்மையைத் தனிப் பாடமாக நடத்தவேண்டிய தேவை எழுவதில்லை. கர்த்தர் குழந்தையையும் அதை வளர்க்கும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருக்குள்,
பெரியம்மா